மேடையை விட்டு வண்டி இறங்கும்வரை

அருப்புக்கோட்டை பஜாரில் நின்று சாப்ட்வேர் அண்ணாச்சி எங்கே என்று கேட்டால், ஒரு கயிற்றுக்கடையைக் காட்டி, அதற்கு மேலே மாடியைக் காட்டுவார்கள். கீழே சாக்கு, சணல், நைலான் கயிறு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு. மேலே தனுஷ்கோடியும் இரண்டு கம்ப்யூட்டரும். கீழ்க்கடை அண்ணனுக்கு, மேல்மாடி தம்பிக்கு என்று அப்பா இருக்கும்போதே பிரித்தாகிவிட்டது. இப்போது தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது. உள்ளூர்க் கல்லூரியில் கணிதப் பட்டம், மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படிப்பு, சென்னையில் இரண்டு வருடம் வேலை. சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்தவர், அதன்பிறகு வெளியூர் என்று போனதெல்லாம் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும்தான்.

மருந்துக்கடை பில், அரிசி ஆலை, வீரசோழனில் ஒரு ஜவுளிக்கடை, ரோட்டோர எடைமேடைகள் என்று இந்தக் கரிசல் காட்டில் எங்கே பட்டனைத் தட்டினாலும் பாதி இடத்தில் அது இவர் எழுதினதாக இருக்கும். நல்ல வேலைக்காரர், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒரு வியாதி உண்டு. 'தெரியலை' என்கிற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவே வராது. பிரிண்டரில் எறும்பு புகுந்திருக்கும். இவர் கயிற்றுக்கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, "கரண்டு ஏத்த இறக்கம் சார்" என்பார். போனில் பாதி கேட்பதற்குள் பதில் முழுசாக வந்துவிடும். சொல்லிவிட்டு மனுஷன் நிம்மதியாக மறந்தும் போய்விடுவார்.

அந்த வியாதிதான் போன ஆடியில் ஒரு குடும்பத்தைக் கோயில் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது.

திருச்சுழி ரோட்டில் சங்கரபாண்டியனுக்கு ஒரு எடைமேடை இருக்கிறது. லாரியோ டிராக்டரோ ஏறி நின்றால் எடை காட்டும் இரும்பு மேடை. அதை ஒட்டியே பருத்தி வாங்கி அடுக்கும் அவருடைய கிட்டங்கி. மேடைக்கு எதிரே ஜன்னல் வைத்த சின்ன அறையில் முருகலட்சுமி உட்கார்ந்திருப்பாள். எம்.ரெட்டியபட்டிக்காரி, பிளஸ் டூ வரை படித்தவள், பதினோரு வருடமாக அதே நாற்காலி. பெயரை அடிப்பாள், பட்டனைத் தட்டுவாள், பெயரும் எடையும் அச்சான சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டுவாள். அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அந்தப் பருத்தி சொந்தம். கிட்டங்கியில் வேறு பேச்சே எடுபடாது.

இந்த வருடம் எடை காட்டும் பெட்டி பழுதாகிப் புதுப் பெட்டி வந்தது. அதோடு அந்தக் கம்பெனிக்காரர்கள் எழுதிய ஒரு ஃபைலும் வந்தது. தனுஷ்கோடியின் புரோகிராம் பெயரைக் கொண்டுபோய் அந்த ஃபைலிடம் கொடுக்க வேண்டும். அது எடையோடு சேர்த்து சீட்டு அடிக்கும். முதல் நாளே தகராறு. தமிழில் அனுப்பிய பெயரெல்லாம் அந்தப் பக்கம் போனதும் வரிசையாகக் கேள்விக்குறியாகி நின்றன. ஏன் என்று தோண்டியிருக்கலாம். தோண்டவில்லை. "சரி கழுத, இங்கிலீஷ் எழுத்துலயே போகட்டும்" என்று மாற்றிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் சந்தனம்மாளின் பருத்திக்கு மருதுபாண்டி பெயரில் சீட்டு வந்தது. சந்தனம்மாளும் எம்.ரெட்டியபட்டிதான், முருகலட்சுமியின் அம்மா கூடப் பிறந்த சின்னம்மா. மருதுபாண்டி முருகலட்சுமியின் கொழுந்தன். இருவருடைய காடும் பக்கத்துப் பக்கத்தில். முதல் தடவை சிரித்துக்கொண்டே பேனாவால் திருத்தினார்கள். இரண்டாம் தடவை சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் தடவையும் சந்தனம்மாள் பெயரில் சீட்டு இல்லை. அவளுடைய நானூற்றுப் பத்துக் கிலோவும் மருதுபாண்டி பெயரில், மருதுபாண்டியின் இருநூற்று அறுபதும் மருதுபாண்டி பெயரில். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"அக்கா மக, அக்கா மகன்னு நெனச்சேனே! புருசன் வீட்டுப் பாசம் கண்ண மறச்சிருச்சா ஒனக்கு?" என்று சந்தனம்மாள் ஜன்னலுக்கு வெளியே நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கத்தினாள்.

சங்கரபாண்டியன் நல்லவர்தான். யாரையும் ஒருதலையாகக் குற்றம் சொல்ல மனசில்லாமல், அத்தனை பேர் முன்னாலும் போனை ஸ்பீக்கரில் போட்டு தனுஷ்கோடியைக் கூப்பிட்டார்.

"தம்பி, சீட்டுல பேரு மாறி மாறி வருது. மிசினு தப்பா, ஆளு தப்பா?"

தனுஷ்கோடி அந்நேரம் மெக்கானிக் கடையில் பைக்குக்கு செயின் மாற்றிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் என்பது தெரியாது, யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. தெரிந்தாலும் வேறு பதில் வந்திருக்குமா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

"மிசினு எப்படிங்க தப்புப் பண்ணும்? அது குடுத்ததத்தான அடிக்கும். உக்காந்திருக்க ஆளுதான் மாத்தி அடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டார். செயின் சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்தார். அந்தப் பேச்சு அவரைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்தது.

நாலு நாள் கழித்து முருகலட்சுமியிடமிருந்து போன்.

"அண்ணாச்சி, வர்ற வெள்ளிக்கெழம எங்க ஊரு கருப்பசாமி கோயிலுக்கு வாரீகளா?"

"என்னம்மா விசேஷம்?"

"சின்னம்மா எங்கிட்ட சத்தியம் கேட்டுருச்சு. சீட்டுல நான் பேர மாத்தலன்னு சூடம் அடிக்கப் போறேன்."

தனுஷ்கோடிக்கு வாயில் வைத்த காராச்சேவு தொண்டையில் நின்றது. டவுன்காரர் ஆனாலும் அந்த வழக்கம் தெரியாதவர் இல்லை. சாமி முன்னால் சூடத்தை ஏற்றி, நான் செய்யவில்லை என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அதோடு முடியாது. சத்தியம் கேட்ட வீடும் சத்தியம் செய்த வீடும் அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது, ஒரு வீட்டில் மறு வீட்டுக்காரர்கள் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. உண்மையைச் சொல்லிச் சத்தியம் செய்தாலும் அதே கதைதான்.

"சூடத்துக்கு நான் பயப்படல அண்ணாச்சி. என் கையி சுத்தம். ஆனா எங்கம்மா செத்த பெறகு எனக்குன்னு இருக்கது சின்னம்மா ஒருத்திதான். வெள்ளிக்கெழம காலையிலயோட அதும் இல்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏம்மா, நீதான் மாத்துனன்னு யாரு சொன்னது?"

"நீங்கதான அண்ணாச்சி சொன்னீக" என்றாள்.

சாப்ட்வேர் அண்ணாச்சிக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது அப்போதுதான்.

அன்றே உட்கார்ந்து புரோகிராமை வரிவரியாகப் பார்த்தார். ஒரு பிழை இல்லை. அருப்புக்கோட்டையில் தனக்குத் தெரிந்தவர், பிடித்தவர், பிடிக்காதவர் என்று ஐம்பது பெயரை அடித்து அனுப்பிப் பார்த்தார். ஐம்பதும் அச்சுப் பிசகாமல் வந்தன. அப்படியானால் முருகலட்சுமிதானோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் அவருக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. பதினோரு வருடத்தில் ஒரு சீட்டு பிந்திக் கொடுத்தாள் என்று யாரும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை எடைமேடைக்குப் போய், அவள் என்ன பெயர் அடிக்கிறாளோ அதைத் தனியாக எழுதிவைத்துக்கொள்ளும்படி புரோகிராமில் ஒரு சின்ன ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். புதன்கிழமை திரும்பவும் பெயர் மாறியது. ஓடிப் போய்ப் பார்த்தார். அவள் அடித்த பெயர் சரி. புரோகிராம் அனுப்பிய பெயர் சரி. சீட்டில் மட்டும் வேறு ஆள்.

"இதென்ன கூத்து! இங்கன இருந்து போகும்போது சரியாத்தான போகுது? அங்கன எப்படி வேற ஆளாகும்?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டார். அது என்ன சொல்லும்? வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர் ரசத்தில் மோரை ஊற்றிக்கொண்டார். மனைவி சுகப்பிரியா, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டதற்கு, "தெரியலை" என்றார். அவள் கரண்டியை வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே போய் முருகலட்சுமிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் அந்த அறையில் அவர் பத்து நிமிஷத்துக்குமேல் உட்கார்ந்ததில்லை. வழக்கமாக அவள் கொடுக்கும் வரக்காப்பி அன்று வரவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றே கொடுக்கவில்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

முதலில் ஒரு லாரி, சீட்டு சரி. அடுத்து ஒரு டிராக்டர், சீட்டு சரி. சாம்பார் வாளிக்குள் மோதிரத்தைத் தொலைத்தவர் மாதிரி இவர் பிரிண்டரையே துழாவிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு டிராக்டர் டிரெய்லர் நிறைய மூட்டையோடு வந்து மேடையில் ஏறியது. முருகலட்சுமி ஒரு பெயரை அடித்துப் பட்டனைத் தட்டினாள். சீட்டு வரவில்லை. வண்டியும் இறங்கவில்லை. ஆட்கள் ஏறிப் பாதி மூட்டையைக் கிட்டங்கிக்குள் சுமந்தார்கள். அவள் இரண்டாவது பெயரை அடித்தாள். இன்னும் கொஞ்சம் இறக்கினார்கள். மூன்றாவது பெயர். தனுஷ்கோடி ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார்.

"என்னம்மா இது? ஒரு வண்டிக்கு மூணு பேரு?"

"கூட்டு லோடு அண்ணாச்சி. ஆளுக்கு அஞ்சு மூட்ட, ஆறு மூட்டையத் தூக்கிக்கிட்டுத் தனி வண்டி பிடிச்சா கட்டுபடியாகுமா? மூணு வீடு சேந்து ஒரு வண்டி பிடிப்பாக. ஒரு வீட்டு மூட்டைய எறக்கி எட பாக்க, மறு வீட்டு மூட்டைய எறக்கி எட பாக்க. கொறஞ்ச எடதான் அந்தந்த வீட்டு எட."

"சீட்டு?"

"வண்டி மேடைய விட்டு எறங்குனாத்தான் எல்லாஞ் சேந்து வரும். புதுப் பெட்டி வந்ததுல இருந்தே அப்படித்தான்."

"இத ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க ஏன் அண்ணாச்சி முன்னாடியே கேக்கல?"

மிச்ச மூட்டையும் இறக்கியானதும் டிரெய்லர் மேடையை விட்டு இறங்கியது. பிரிண்டர் கடகடவென்று மூன்று சீட்டு அடித்தது. முதல் இரண்டிலும் ஒரே பெயர், இரண்டாவதாக வந்த வீட்டுக்காரர் பெயர். முருகலட்சுமி பேனாவை எடுத்துத் திருத்தினாள். தனுஷ்கோடி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடைக்கு ஒரு வண்டி, வண்டிக்கு ஒரு பெயர் என்று நினைத்துத்தான் முழுப் புரோகிராமையும் எழுதியிருந்தார். கயிற்றுக்கடை மாடியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஐந்து மூட்டைக்காரர்கள் எப்படி வருவார்கள் என்று என்ன தெரியும்?

"பெட்டியோட ஒரு புத்தகம் வந்திருக்குமே, எங்க அது?" என்றார்.

அவள் பிரிண்டரைத் தூக்கினாள். மேஜை ஒருபக்கம் சாய்ந்திருந்ததால் புத்தகத்தை அதன் கீழே முட்டுக்கொடுத்திருந்தாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. உறையைக் கிழித்து, மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது ஒரு வரி இருந்தது. கொடுக்கிற பெயர், சீட்டு அச்சாகி முடியும்வரை அதே இடத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கொடுப்பவரே பொறுப்பு.

விஷயம் இவ்வளவுதான். தனுஷ்கோடி எழுதுகிற சி ஷார்ப் சொகுசான கம்ப்யூட்டர் மொழி. எதை எங்கே வைப்பது, எப்போது துடைத்து எடுப்பது என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். பெட்டிக் கம்பெனியின் ஃபைல் பழைய சி மொழி. அங்கே இடத்தைப் பிடிப்பதும் விடுவதும் எழுதுகிறவன் பாடு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெயர் போகிறதென்றால், உண்மையில் பெயர் போவதில்லை. சி ஷார்ப் அதை அந்தப் பக்கத்துக்குப் புரிகிற எழுத்தில் படியெடுத்து ஓரிடத்தில் வைத்துவிட்டு, இன்ன இடத்தில் இருக்கிறது என்று விலாசத்தை மட்டும் கொடுக்கும். கொடுத்துப் பேச்சு முடிந்ததும் இடத்தைக் காலி செய்துவிடும். அந்தப் பக்கத்து ஃபைலோ பெயரை எழுதிவைத்துக்கொள்ளவில்லை. விலாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, வண்டி இறங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் போய்ப் பார்க்கிறது.

தனி லோடில் வம்பில்லை. அடுத்த பெயர் வருவதற்குள் சீட்டு வந்துவிடும். காலியான வாடகை வீட்டில் பழைய ஆளின் பெயர்ப்பலகை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். கூட்டு லோடில் அதற்குள் வேறு ஆள் குடிவந்துவிடுகிறார். சந்தனம்மாள் இருந்த வீட்டுக்கு மருதுபாண்டி வந்தாயிற்று. பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டினால் யார் எட்டிப் பார்ப்பார்? சில நாள் அடுத்த பெயர் வேறு இடத்தில் குடியேறும். அன்றைக்கு எல்லாம் சரியாக வரும். அதனால்தான் யாருக்கும் பிடிபடாமல் இத்தனை நாள் ஆட்டம் காட்டியது.

மத்தியானம் வரை உட்கார்ந்து மாற்றி எழுதினார். தானே ஓரிடத்தைப் பிடித்துப் பெயரை வைத்து, சீட்டு வந்த பிறகுதான் விட வேண்டும். முதல் தடவை அவசரத்தில் சீட்டுக்கு முன்பே விட்டுவிட்டார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக என்னவோ வந்தது. இரண்டாம் தடவை சரி. மாலை நாலு மணிக்கு நரிக்குடிப் பக்கத்துக் கூட்டு லோடு ஒன்று வந்தது. நாலு பெயர், நாலு சீட்டு, நாலும் சரி.

"அப்ப மிசினு தப்பா, ஆளு தப்பா?" என்று முருகலட்சுமி கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. இந்தப் பக்கம் பேர விட்டுருது. அந்தப் பக்கம் விட்டது தெரியாம பிடிச்சுக்கிட்டே இருக்கு. ரெண்டும் அதது வழியில சரிதான். ஆனா நடுவுல..."

"அண்ணாச்சி" என்று அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நாளைக்குக் கோயில்ல வந்து இப்படிப் பேசிறாதீக. எங்க சாதிசனம் அத்தன பேரும் நிப்பாக."

வெள்ளிக்கிழமை காலையில் கருப்பசாமி கோயில் வாசலில் முப்பது பேர் இருந்தார்கள். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. சந்தனம்மாள் ஒரு பக்கம், முருகலட்சுமி எதிர்ப்பக்கம். நடுவில் தட்டில் சூடம் எரிந்தது. முருகலட்சுமி ஈரத் தலையோடு கையைத் தூக்கிவிட்டாள். வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்த தனுஷ்கோடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "இரும்மா, இரும்மா!" என்றார்.

முதலில் நேற்றுப் பேசியது மாதிரியேதான் பேசினார். விலாசம் என்றார், வாடகை வீடு என்றார், காலி என்றார். ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மருதுபாண்டி, "யாரு வீட்டக் காலி பண்றது?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டான். சங்கரபாண்டியன் நெற்றியைத் தேய்த்தார். கடைசியில் சந்தனம்மாள் அதட்டினாள்.

"இந்தாப்பா, சுத்தி வளைக்காத. எம் பேர எடுத்தது யாரு? அத மட்டும் சொல்லு."

தனுஷ்கோடி சூடத்தைப் பார்த்தார். வாய் உலர்ந்துபோயிருந்தது.

"நாந்தேன். இவ ஒரு எழுத்து மாத்தி அடிக்கல. நான் எழுதுனதுதான் தப்பு. புத்தகத்தையும் படிக்கல, வந்தும் பாக்கல. வேணும்னா அந்தச் சூடத்த நான் அடிக்கிறேன்."

முருகலட்சுமி தூக்கிய கையை இறக்கினாள். அவர் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் சந்தோஷம் என்று எதுவும் இல்லை.

"நீங்க ஒண்ணும் அடிக்க வேணாம். தப்பு வாரது சகசம். ஆனா அன்னைக்கு போன்ல, ஆளுதான் மாத்தி அடிச்சிருக்கும்னு ஒரு வார்த்தையச் சொல்லிட்டு வச்சிட்டீக. வச்சதும் மறந்துட்டீக. இங்க இருந்த அத்தன பேரும் அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு எட்டு நாளா நின்னாக அண்ணாச்சி. எட்டு நாளு எங்க சின்னம்மா எம் மொகத்தப் பாக்கல."

தனுஷ்கோடிக்கு வியாழக்கிழமை படித்த அந்த மூன்றாம் பக்கத்து வரி நினைவுக்கு வந்தது. கொடுப்பவரே பொறுப்பு. ஒரு புரோகிராமுக்காக எழுதியது என்றுதான் நேற்று நினைத்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் காது சுட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். எப்போதும் ஓடிவருகிற பதில் அன்றைக்கு வரவில்லை.

தட்டில் சூடம் யார் கையும் படாமல் தானாகவே எரிந்து அடங்கியது. பூசாரி திருநீற்றை அள்ளி எல்லாருக்கும் கொடுத்தார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சந்தனம்மாள் மட்டும் போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், கீழே பார்த்தாள், பிறகு முருகலட்சுமியின் கையில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"ஏத்தா, அதுல தண்ணி கெடக்கா? தொண்ட காயுது, ஒந் தண்ணியக் குடு" என்றாள்.

முருகலட்சுமி பாட்டிலைத் திறந்தாள். சந்தனம்மாள் அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். குடித்துவிட்டு, மிச்சத்தை அவளையும் குடிக்கச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள்.

தனுஷ்கோடிக்கும் தாகம்தான். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.